நிம்ரோதுக்கும் ரோமாபுரிக்கும் போட்ட முடிச்சு

கத்தோலிக்கம் கிறிஸ்தவப் பெயர் சூட்டிக்கொண்ட பழைய புறமதம் என்ற கருத்தை மூன்று தரப்பார் ஒரே குரலில் சொல்கிறார்கள். வேறெதிலும் இவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. சில பெந்தெகொஸ்தே பிரசங்கிகள் மாதா சுரூபத்தையும் மெழுகுவத்தியையும் காட்டி, "இதுதான் வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் பாபிலோன்" என்கிறார்கள். பகுத்தறிவு பேசுபவர்களில் சிலர் டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாள் என்று ஆரம்பித்து, இயேசுவே ஒரு சூரியக் கடவுள்தான் என்று முடிக்கிறார்கள். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தையும் சப்பரத்தையும் பார்த்துவிட்டு, "எல்லாம் எங்களிடமிருந்து எடுத்ததுதானே" என்று கேட்பவர்கள் மூன்றாவது தரப்பு. இப்படி மூன்று பக்கமிருந்தும் ஒரே கல் வந்து விழுவதால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்று கத்தோலிக்கர்களில் பலரே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதற்கு அவர்களிடமே ஆட்கள் உண்டு. அந்தச் சபையின் மீது வைக்க நியாயமான குற்றச்சாட்டுகள் ஏராளம் இருக்க, இந்த ஒன்று மட்டும் எப்படி இவ்வளவு செல்வாக்குப் பெற்றது என்பதே என் கேள்வி. இது வரலாறாகத் தேறாது. போதாக்குறைக்கு, கிறிஸ்தவ சபைகளுக்குள் உண்மையில் என்ன சண்டை என்பதையும் மறைத்துவிடுகிறது.

முதலில் ஊற்றைப் பார்ப்போம். இன்று யூடியூப் பிரசங்கங்களில் உலவும் நிம்ரோது, செமிராமிஸ், தம்மூஸ் கதையின் பெரும்பகுதி அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்பவரிடமிருந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊரில் ஃப்ரீ சர்ச் போதகராக இருந்தவர். 1853இல் சிறு பிரசுரமாக வெளியிட்ட 'இரண்டு பாபிலோன்கள்' என்பதை 1858இல் பெரிய நூலாக்கினார். அவர் கதையின் சுருக்கம் இது: ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தில் வரும் வேட்டைக்காரன் நிம்ரோதின் மனைவி செமிராமிஸ், அவள் பெற்ற மகன் தம்மூஸ், இந்தத் தாய்-மகன் வழிபாடுதான் எகிப்தில் ஐசிஸ்-ஹோரஸ் ஆனது, ரோமில் மரியாள்-இயேசு ஆனது.

ஆதியாகமத்தில் செமிராமிஸ் என்ற பெயரே கிடையாது. கிரேக்க எழுத்தாளர்கள் புனைந்த செமிராமிஸ் கதைக்குப் பின்னால் இருந்தவள், பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பில், சம்முராமத் என்ற அசீரிய அரசி. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் ஷம்ஷி-அதாதின் மனைவியாக இருந்தவள். பாபேல் கோபுரக் காலத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனது ஹிஸ்லப்பின் கைவேலை. தம்மூஸ் என்பவர் சுமேரியர்களின் துமூசி; இனன்னாவின் காதலர், கணவர். அவளுடைய மகன் இல்லை. தாயும் மகனும் என்று கட்டிய மொத்த மாளிகைக்கும் அஸ்திவாரக் கல்லே இல்லாத இந்த உறவுதான்.

ஹிஸ்லப் அடுக்கும் மற்றச் சான்றுகளில், ஆயர்கள் பூசையில் அணியும் கூர்முனைத் தொப்பியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் அது வாய் பிளந்த மீன் தலைபோல இருக்கிறது. ஆகவே அது பெலிஸ்தரின் மீன் தெய்வம் தாகோனின் தொப்பி என்பது வாதம். ஆதாரமாகக் காட்டப்படுவது, தலை முதல் முதுகு வரை மீன் தோலைப் போர்த்திய உருவம் ஒன்று. நிம்ரூத் நகரச் சிற்பங்களிலும் அதைக் காணலாம். அந்த உருவம் தாகோன் இல்லை. மெசொப்பொத்தேமியர்கள் அப்கல்லு என்று அழைத்த ஆதிகால ஞானி அது. தாகோனை மீனாக்கியதே பிற்காலத்து ஊகம். தானியத்தோடு தொடர்புடைய தெய்வம் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சரி, தொப்பிக்கு வருவோம். ஆயர்களின் தொப்பி பற்றிய தெளிவான செய்திகள் 11ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கின்றன. அப்போது அது தாழ்வான கூம்புக் குல்லா. முன்னும் பின்னும் இரண்டு கூர்முனைகள் வந்தது 12ஆம் நூற்றாண்டில். இன்றைய உயரம் அதற்கும் மிகப் பிந்தியது. அதாவது நமக்குப் பழக்கமான மீன் வாய், அசீரியப் பேரரசு மண்ணோடு மண்ணாகி ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் கழித்து, ஐரோப்பியத் தையல்காரர்கள் கையில் உருவானது. இடையில் இருந்த நூற்றாண்டுகளில் அந்த மீன் எங்கே நீந்திக்கொண்டிருந்தது என்று ஹிஸ்லப்பின் சீடர்கள்தான் சொல்ல வேண்டும். (தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்கள் சிலரும் அதே தொப்பியைத்தான் அணிகிறார்கள். அவர்களை யாரும் தாகோன் பூசாரிகள் என்று சொல்லக் காணோம்.)

நற்கருணை அப்பம் வட்டமாக இருப்பது சூரிய வட்டம் என்பதும் இதே ரகம். வனாந்தரத்தில் விழுந்த மன்னாவும் உருண்டையாகத்தான் இருந்தது என்கிறது யாத்திராகமம். நம் வீட்டு இட்லியும் வட்டம்தான்.

ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்க சுவிசேஷகர் ஹிஸ்லப்பை அப்படியே நம்பி 1966இல் ஒரு புத்தகம் எழுதினார். நன்றாக விற்றது. பிறகு ஹிஸ்லப் காட்டிய மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தபோது, பல இடங்களில் மூல நூல் அவர் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று கண்டார். தன் புத்தகத்தையே சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டு, 1997இல் ஹிஸ்லப்பை மறுத்து வேறொரு நூல் எழுதினார். உட்ரோ கத்தோலிக்கராக மாறிவிடவில்லை. புராட்டஸ்டண்டாகவே தொடர்ந்தார். அவர் விலக்கிக்கொண்ட நூல் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

டிசம்பர் 25 விஷயம் இவ்வளவு கோமாளித்தனமானது இல்லை. இதில் கொஞ்சம் சதை இருக்கிறது. பேரரசர் ஔரேலியன் 274இல் ரோமில் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எழுப்பினார். அன்றே டிசம்பர் 25 சூரியத் திருநாளாக இருந்தது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தேதியில் சூரியத் திருநாள் இருந்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்று 354ஆம் ஆண்டு ரோமானியப் பஞ்சாங்கத் தொகுப்பு. கிறிஸ்து பிறந்த நாளாக டிசம்பர் 25ஐக் குறிப்பதும் அதே தொகுப்புதான். அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டு வரை பின்னே செல்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. இயேசு பாடுபட்டது மார்ச் 25 என்று தெர்த்துல்லியன் பெயரில் வழங்கும் நூல் ஒன்று சொல்கிறது. அவர் கருவுற்றதும் இறந்ததும் ஒரே தேதி என்ற நம்பிக்கையை அகுஸ்தீனார் பதிவு செய்கிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள். கிழக்கில் சில இடங்களில் ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள். அங்கிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அன்றுதான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. இந்தக் கணக்கே முழு விளக்கம் என்று நான் சாதிக்கவில்லை. சூரிய விழாவை மறைக்கவே திருச்சபை இந்த நாளைப் பிடித்தது என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்போ, 12ஆம் நூற்றாண்டு சிரிய ஆயர் ஒருவரின் நூலில் பின்னால் யாரோ ஓரத்தில் எழுதியது. எண்ணூறு ஆண்டு தள்ளி வந்த சாட்சி. மித்ரா என்ற தெய்வம் டிசம்பர் 25இல் பிறந்தார் என்பதற்கு அந்தச் சாட்சியும் இல்லை.

அதற்காக ரோமானியக் கிறிஸ்தவர்கள் சூரியனை மறந்துவிட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் போப்பாண்டவர் முதலாம் லியோ ஒரு கிறிஸ்து பிறப்புப் பிரசங்கத்தில் தன் மக்களையே கடிந்துகொள்கிறார். பேதுரு பேராலயத்தின் படிக்கட்டில் ஏறியவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார்களாம். பழைய பழக்கம் படிக்கட்டு வரை வந்தது. அதை வாசலில் நின்று திட்டியவர், புறமதத்தை உள்ளே அழைத்து வந்ததாகக் குற்றம்சாட்டப்படும் அதே போப்பாண்டவர் பதவியில் இருந்தவர்.

இனி ரோமானியப் பேரரசன் கான்ஸ்டன்டைனுக்கு வருவோம். "நான்காம் நூற்றாண்டில் அந்தப் பேரரசன்தான் புறமதத்தைச் சபைக்குள் புகுத்தினான், அதுவரை எல்லாம் தூய்மையாக இருந்தது" என்பது இந்தக் கதையின் முதுகெலும்பு. இதை முறிக்க ரோமாபுரியின் சாட்சி தேவையில்லை. ரோமோடு சண்டைபோட்டுப் பிரிந்தவர்களே போதும்.

451இல் நடந்த கல்செதோன் சங்கத்தை ஏற்காமல் பிரிந்த காப்டிக், எத்தியோப்பிய, சிரிய, ஆர்மீனியத் திருச்சபைகள் ரோமின் அதிகாரத்தின் கீழ் இல்லை. அவர்களிடம் தூபம் உண்டு, ஆயர்கள் உண்டு, பலியாகக் கருதும் நற்கருணை உண்டு, இறந்தோருக்கான செபம் உண்டு, புனிதர்களின் எலும்புகளுக்கு வணக்கம் உண்டு. எத்தியோப்பியர் ஆண்டுதோறும் முப்பதுக்கும் மேற்பட்ட மரியன்னை திருநாட்கள் கொண்டாடுகிறார்கள். இதில் ரோமே அவர்களிடம் தோற்றுவிடும். இன்னும் கிழக்கே போனால், பாரசீகத்தில் கிழக்கின் திருச்சபை. அது ரோமானியப் பேரரசுக்கு வெளியே, அதன் எதிரி நாட்டில் வளர்ந்தது. 340ஐ ஒட்டி இரண்டாம் ஷாப்பூர் அந்தக் கிறிஸ்தவர்களை வேட்டையாடியதற்கு ஒரு காரணமே, இவர்கள் ரோமானியரின் ஒற்றர்களோ என்ற சந்தேகம்தான். கான்ஸ்டன்டைன் சட்டம் அங்கே செல்லாது. ஆனாலும் குருத்துவம், நற்கருணை, மறைசாட்சிகளின் நினைவு, இறந்தோருக்கான மன்றாட்டு எல்லாம் அங்கும் இருந்தன. நம் பக்கத்து மலையாள நாட்டு மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கு நூற்றாண்டுகளாக ஆயர்களை அனுப்பியது அந்தத் திருச்சபைதான். ஒருவருக்கொருவர் சாபமிட்டுக்கொண்ட இத்தனை சபைகளும் ஒரு ரோமானிய அரசனின் சதிக்கு ஒரே மாதிரி மயங்கின என்று நம்புவதைவிட, இந்த வழக்கங்களின் வேர் அவன் காலத்துக்கு முந்தியது என்று ஏற்பது எளிது. அதற்குச் சான்றும் உண்டு. 155ஐ ஒட்டி ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப் எரிக்கப்பட்டபோது, அவருடைய எலும்புகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தி, இறந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாட முடிவு செய்ததாக அவருடைய சபையாரே எழுதி வைத்தார்கள். கான்ஸ்டன்டைன் பிறக்க அப்போது நூறு ஆண்டுக்கு மேல் இருந்தது.

சுரூபங்களை மட்டும் இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. கிழக்கத்தியச் சபைகளில் முழு உருவச் சிலைகள் பெரும்பாலும் கிடையாது. அவை மேற்கின் வளர்ச்சி. உருவங்கள் பற்றி சீர்திருத்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு எடை உண்டு.

'கான்ஸ்டன்டைனுக்குப் பின் கெட்டுப்போன சபை' என்ற வாதத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும், கூடுதல் குறைவு இல்லாமல், முதலில் பட்டியலிட்டுக் கொடுத்தவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ். ஆண்டு 367. சபை கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் காலத்தின் நடுப்பகுதி அது. அந்தப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தக் காலத்துச் சபையைப் பாபிலோன் என்கிறார்கள்.

ஆனால் கத்தோலிக்கர் புறமதத்திலிருந்து எதையுமே எடுக்கவில்லையா? எடுத்தார்கள். இதை மறுக்கும் கத்தோலிக்கப் பிரசுரங்களும் பொய்தான் சொல்கின்றன. ஜான் ஹென்றி நியூமன் 1845இல், கத்தோலிக்கத்துக்கு மாறும் நேரத்தில் எழுதிய நூலில், தூபம், விளக்கு, தீர்த்தம், நேர்ச்சை, ஊர்வலம் என்று நீளமாகப் பட்டியலிட்டு, இவை புறமதத்திலிருந்து வந்து சபையில் புனிதமானவை என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்கு அதில் வெட்கம் இல்லை. பிற்காலக் கத்தோலிக்கர்களுக்குத்தான் வெட்கம் வந்துவிட்டது.

எதை எடுப்பது, எதை விடுவது என்ற தகராறு சபைக்குள்ளேயே ஆரம்பம் முதல் இருந்தது. அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காக்காரி. ஊரில் செய்ததுபோல மிலானிலும் ஒரு நாள் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு மறைசாட்சிகளின் கல்லறைக்குப் போகிறாள். வாயிற்காவலர் தடுக்கிறார்: ஆயர் அம்புரோஸ் இதைத் தடை செய்திருக்கிறார். குடித்துக் கூத்தடிக்க இது சாக்காகிறது, அதோடு பிற மதத்தார் முன்னோருக்குப் படைப்பதுபோலவும் இருக்கிறது. மோனிக்கா முணுமுணுக்காமல் திரும்பிவிட்டாள் என்று மகனே எழுதுகிறார். அகுஸ்தீனாரின் எதிராளி, மனிக்கேய மதத்தைச் சேர்ந்த ஃபௌஸ்துஸ், "உங்கள் சிலைகளை எடுத்துவிட்டு மறைசாட்சிகளை வைத்துக்கொண்டீர்கள்" என்ற பொருள்பட அப்போதே கேட்டுவிட்டான். ஸ்காட்லாந்துக்காரர் ஹிஸ்லப் பிறக்க இன்னும் ஆயிரத்து நானூறு ஆண்டு இருந்தது. "நாங்கள் பீடம் கட்டுவது மறைசாட்சிகளுக்கு இல்லை, மறைசாட்சிகளின் கடவுளுக்கு" என்பது அகுஸ்தீனாரின் பதில். கல்லறையில் குடிப்பவர்களைச் சபை பொறுத்துக்கொள்கிறதே தவிர ஏற்கவில்லை என்றும் சொன்னார். அதில் ஒரு தடுமாற்றம் தெரிகிறது, நேர்மையும் தெரிகிறது.

601இல் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த மெல்லித்துஸுக்கு எழுதிய கடிதம் எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம். கோயில் கட்டடங்களை இடிக்காதே என்று அதில் இருப்பது உண்மை. அதே வரியில், உள்ளே இருக்கும் சிலைகளை உடைத்துவிடு என்றும் இருக்கிறது. மாடுகளைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுப் பழகியவர்கள், கோயிலைச் சுற்றித் தழைகளால் பந்தல் போட்டு, அவற்றை அறுத்துச் சமைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும் என்கிறார். பலி போனது, விருந்து நிலைத்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு கென்ட் அரசனுக்கு எழுதியபோது கோயில்களை இடிக்கச் சொன்னவரும் இதே கிரகோரிதான். யோசித்து மனத்தை மாற்றிக்கொண்ட ஒரு நிர்வாகி இதில் தெரிகிறார். பாபிலோன் மறை ஒப்பந்தம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒத்திருப்பதெல்லாம் புறமதம் என்றால் சாலொமோன் கட்டிய ஆலயம் என்னாவது? தீரு நாட்டு அரசன் ஈராம் அனுப்பிய ஆட்கள் வேலை செய்த கட்டடம் அது. வட சிரியாவின் ஐன் தாராவில் தோண்டியெடுத்த புறமதக் கோயிலின் அமைப்பும் முகப்புத் தூண்களும் வேதம் வர்ணிக்கும் எருசலேம் ஆலயத்தோடு வியக்கும்படி ஒத்துப்போகின்றன. விருத்தசேதனம் எகிப்தியரிடமும் இருந்தது. இந்த வாதத்தை எடுத்தவர்களால் அதை நினைத்த இடத்தில் நிறுத்த முடிந்ததில்லை. இங்கிலாந்துப் பியூரிட்டன்கள் 1647இல் கிறிஸ்துமஸையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1659இல் மாசசூசெட்ஸில் அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். யெகோவாவின் சாட்சிகள் ஹிஸ்லப்பை மேற்கோள் காட்டிச் சிலுவையைத் தள்ளினார்கள்; திரித்துவமும் புறமதச் சரக்கு என்றார்கள். 2007இல் வந்த 'ட்சைட்கைஸ்ட்' படம் அதே முறையில் இயேசுவையே ஹோரஸாக்கிவிட்டது. மாதாவை வீழ்த்த எடுத்த வாதம் கடைசியில் மகனிடம் வந்து நின்றது.

நம் ஊர் வழக்கங்களைப் பற்றி இதே வழக்கு ரோமாபுரியின் நீதிமன்றத்திலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள், மத அடையாளங்கள் இல்லை என்று வாதாடி, 1623இல் பதினைந்தாம் கிரகோரியிடம் அனுமதி பெற்றார். 1703இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் ஒரு தடைப் பட்டியலே போட்டார்: பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பூப்பு நீராட்டு விழா கூடாது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளை உறுதிப்படுத்தினார். தேரையும் கொடியையும் பார்த்து "ரோம் எதையும் விழுங்கும்" என்பவர்கள், ஒரு தேங்காய்க்காக ரோம் நாற்பது ஆண்டு விசாரணை நடத்திய கதையைப் படிக்க வேண்டும்.

அந்த விசாரணையில் ஒன்று மட்டும் தப்பித்துக்கொண்டது. பறையர் குடிசைக்குள் போய் நோயாளிக்குத் திருவருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் தயங்குவதைத் தூர்னோன் கண்டித்திருந்தார். 1744இல் கிடைத்த தீர்வு, பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது. தாலியில் இருந்த பிள்ளையாரை வெளியேற்றியவர்கள் சாதியை உட்கார வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடக்கன்குளத்தில் எழுந்த கோவில் பீடத்திலிருந்து இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையில் வேளாளர், மறு கிளையில் நாடார், நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவரை இடித்தபோது வேளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். புராட்டஸ்டண்டுகள் சிரிக்க வேண்டாம். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சாவூரில் எதிர்த்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் கீர்த்தனை பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். புறமதத்தின் மிச்சம் எங்கே என்று தேடுகிறவர்கள் மெழுகுவத்தியை விட்டுவிட்டு, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களுக்குப் போகலாம். அங்கே இரு சபையாரையும் பார்க்கலாம்.

இனி சபைகளுக்குள் நடந்த உண்மையான சண்டைக்கு வருவோம். லூத்தரும் 1520இல் ஒரு நூலுக்குப் பாபிலோனியச் சிறையிருப்பு என்று பெயர் வைத்தார். அதில் செமிராமிஸ் வரவில்லை. இஸ்ரவேலர் பாபிலோனில் சிறைப்பட்டதுபோல, திருவருட்சாதனங்களைக் குருமார் சிறைபிடித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். 1522இல் விட்டன்பர்க்கில் சிலைகளை உடைக்கக் கூட்டம் கிளம்பியபோது, ஓடி வந்து எட்டு நாள் பிரசங்கம் செய்து அடக்கியவரும் அவரே. தரங்கம்பாடி லூத்தரன்களை மறுத்து வீரமாமுனிவர் வேதவிளக்கம் எழுதியபோது, வேதமும் சபையின் அதிகாரமும்தான் களம். இரு தரப்பும் நாக்கில் நரம்பில்லாமல் ஏசிக்கொண்டார்கள்தான். ஆனால் எதைப் பற்றி ஏசுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மனிதன் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது பற்றிய சண்டையில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்; 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். மற்றவை அப்படியே கிடக்கின்றன. விசுவாசக் கோட்பாடுகளை அறிவிக்கும்போது போப்பாண்டவர் தவற முடியாதவர் என்று 1870இல் அறிவித்ததற்கு முதல் நூற்றாண்டில் என்ன அடிப்படை? மரியாள் உடலோடு விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை 1950இல் எல்லோரும் கட்டாயம் நம்ப வேண்டிய கோட்பாடாக்கினார்களே, வேதத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது? உத்தரிக்கிற ஸ்தலத்தில் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் ஒரு சபைக்கு எப்படி வந்தது? ஒரு புராட்டஸ்டண்டு நண்பர் இவற்றைக் கேட்டால், கத்தோலிக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.